கடற்கரையில் துள்ளிய டிராக் வீட்டில் ஏன் படுத்துவிட்டது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். நீங்கள் முத்தியால்பேட்டையில் இருக்கிறீர்கள், வயது 26. உங்களுக்குப் பிடித்த ஒரு மின்னணு நடன இசைக் கலைஞர் (பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை) நான்கு வருடம் கழித்து ஆல்பம் போட்டிருக்கிறார். போன வருடம் ஈ.சி.ஆர். பக்கம் கடலோரத்தில் நடந்த நிகழ்ச்சியில், அதுவரை வெளிவராத இரண்டு டிராக்குகளை அவர் போட்டார். ஆடித் தீர்த்துவிட்டு விடியும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆல்பத்தில் அந்த இரண்டும் இருக்கின்றன, ஆனால் "செத்துக் கிடக்கின்றன" என்கிறீர்கள். மற்றவை ஆளுக்கொரு பாடகரை வைத்துச் செய்த மெதுவான பாட்டுகள். நண்பர்கள் "பத்து தடவை கேளு, தானாகப் பிடிக்கும்" என்கிறார்கள். என் காதில் கோளாறா, எனக்கு வயதாகிவிட்டதா, அவர் விலைபோய்விட்டாரா, டிசம்பரில் மறுபடி வருகிறாரே டிக்கெட் எடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஏமாற்றத்தை நம்பலாமா? ஆல்பம் நிஜமாகவே சுமாரா, அல்லது நீங்கள் கேட்ட இடமும் விதமும் அதைச் சுமாராக்கிவிட்டதா?

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். சவுண்டு சர்வீஸ் குடும்பம். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும். இப்போது அடுக்கித் தொங்கவிடும் லைன் அரே ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப் பாக்ஸும். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் எல்லாம் உண்டு. சனி ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர் கூட்டத்துக்காகப் பாண்டி ரிசார்ட்டுகளில் நடக்கும் டிஜே நிகழ்ச்சிகளுக்கு சிஸ்டம் கட்டி, மிக்சரில் உட்காருவது பல வருடப் பிழைப்பு. கொஞ்சம் டிஜே வேலையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒலி சம்பந்தமாக நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். இசை விமர்சகன் இல்லை. எந்த ஆல்பம் காலத்துக்கும் நிற்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். நடன இசையின் உயிர் 'தும் தும்' என்று விழும் கிக் டிரம்மிலும், அதனடியில் ஓடும் தாழ்ந்த ஒலியான பேஸிலும் இருக்கிறது. இவற்றின் பலம் பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைக்குள் அடங்கிவிடும். நிகழ்ச்சியில் 18 அங்குல சப் பாக்ஸ்கள் அந்தக் காற்றைத் தள்ளும்போது நீங்கள் காதால் மட்டும் கேட்பதில்லை, நெஞ்சுக்கூடும் வயிறும் சேர்ந்து கேட்கின்றன. போன் ஸ்பீக்கரில் அந்தப் பகுதி ஏறக்குறைய கிடையவே கிடையாது. மேலே உள்ள அதிர்வெண்களை வைத்து மூளை கீழே இருக்கவேண்டிய சுரத்தை ஊகித்துக்கொள்வதால் "பேஸ் வருகிறதே" என்று தோன்றும். ஊகித்த பேஸ் யாரையும் ஆடவைக்காது. சத்தத்தின் அளவு இன்னொரு விஷயம். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அளந்து 1933-இல் வெளியிட்டது இன்றைக்கும் எங்கள் தொழிலில் பாலபாடம்: சத்தம் குறையக் குறைய, நம் காது தாழ்ந்த ஒலிகளை மற்ற ஒலிகளைவிட வேகமாக இழந்துவிடுகிறது. நிகழ்ச்சியில் 100 டெசிபலில் கச்சிதமாக இருந்த டிராக்கை, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று 60 டெசிபலில் வைத்தால் அடித்தளமே கழன்றுவிடும். ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

சரி, நல்ல ஸ்பீக்கர் வைத்துச் சத்தமாகத்தான் கேட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். அப்போது அறை குறுக்கே வரும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை என்றால் மூன்று மீட்டர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் அந்த அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மூலையில் குமுறும், நடு அறையில் காணாமல் போகும். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டால் ஒரு பாட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் வேறு பாட்டு. கடற்கரையில் சுவரே இல்லை. காற்று கொஞ்சம் மேல்வரிசை ஒலிகளை அடித்துக்கொண்டு போகுமே தவிர, பேஸ் சுத்தமாக வரும். நான் சிஸ்டம் கட்டிய இடங்களில் நள்ளிரவு பார்ட்டி ஹால்களைவிட மணல்தான் கிக் டிரம்முக்கு நல்ல இடம் என்பது என் கட்சி. நீங்கள் அந்த இரண்டு டிராக்கை முதன்முதலில் கேட்டது அவற்றுக்கு அமையக்கூடிய மிக நல்ல இடத்தில். அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும் இறக்கம்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இயர்போனில், ரப்பர் நுனி உங்கள் காது அளவுக்குச் சரியானதாகப் போட்டுக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். நுனி சரியாக அடைக்காவிட்டால் பேஸ் வெளியே ஒழுகிவிடும். ஆயிரம் ரூபாய் இயர்போன் சரியாக அடைத்தால், பத்தாயிரம் ரூபாய் இயர்போன் சரியாக அடைக்காததைத் தோற்கடிக்கும். ஒலியில் எதையும் இழக்காத லாஸ்லெஸ் தரம், விலையுயர்ந்த கேபிள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். நல்ல தரத்தில் வரும் ஸ்ட்ரீமிங்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஏமாற்றத்துக்குக் காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை. சப் வைத்த கார் உள்ள நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. சொன்னால் சிரிப்பீர்கள், கடலூர்–பாண்டி தடத்தில் பின் சீட்டுக்கடியில் சப் வைத்து ஓட்டும் பஸ்களில் கிக் டிரம் பல வீட்டு சிஸ்டங்களைவிட நன்றாகக் கேட்கும். கண்டக்டர் என்ன பாட்டு போடுவார் என்பதுதான் பிரச்சினை.

இந்தச் சோதனைக்குப் பிறகும் அந்த இரண்டும் படுத்தே கிடந்தால், அவற்றின் நீளத்தைப் பாருங்கள். இதுதான் பலர் கவனிக்காத இடம். ஹவுஸ் என்ற நடன இசை வகையறாவில் 128 என்பது மிகச் சாதாரணமான வேகம், நிமிடத்துக்கு 128 அடி. நான்கு அடிக்கு ஒரு பார். அந்தக் கணக்கில் 16 பார் என்பது சரியாக 30 விநாடி, 32 பார் ஒரு நிமிடம். டிஜே கலப்பதற்காகச் செய்யும் டிராக்கில் ஆரம்பத்தில் 16 அல்லது 32 பார் வெறும் கிக்கும் 'ச்சிக் ச்சிக்' என்னும் ஹைஹேட் தட்டுமாக ஓடும், முடிவிலும் அப்படியே. முந்தின டிராக்கின் வாலும் இந்த டிராக்கின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கான இடம் அது. மொத்தம் ஆறு ஏழு நிமிடம் வரும். ஸ்ட்ரீமிங்கில் கதை வேறு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதாவது 16 பார் ஆரம்பம் வைத்தால், பாட்டு தொடங்குமுன்பே அந்த 30 விநாடி தீர்ந்துவிடும். அதற்குள் கேட்பவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார், கணக்கில் ஏறாது. அதனால் ஆல்பத்தில் போடுவது பெரும்பாலும் வெட்டிய வடிவம், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெல்ல ஏற்றிக்கொண்டு போகும் பில்டப் பாதி, கிக்கும் பேஸும் ஒரேயடியாக வந்து இறங்கும் டிராப் ஒன்றே ஒன்று, பிறகு சட்டென்று அடுத்த பாட்டு. அன்றிரவு நீங்கள் கேட்டது முழு வடிவம், ஒருவேளை அவரே மேடைக்கென்று தனியாகச் செய்துவைத்த வடிவமாகவும் இருக்கலாம். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்ற பெயரில் தனியாக வெளிவந்திருக்கிறதா, டிஜேக்கள் வாங்கும் இணையக் கடைகளில் விற்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முழு வடிவமே கிடைத்தாலும் ஒன்று குறையும். நம் ஊர்க் கோயில்களில் சாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். சாகித்தியம் கிடையாது, கம்பீர நாட்டையும் தவிலும்தான். சாமி நகரும், கூட்டம் நகரும், அதற்கான இசை அது. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் வாசலில் மயிர்க்கூச்செறிந்து கேட்ட ஒருவர், அதையே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் போட்டுவிட்டு "சுவாரசியமே இல்லையே" என்று சொன்னால் நாம் மல்லாரியைக் குறை சொல்லமாட்டோம். ஒரு நல்ல டிஜே நாற்பது நிமிடமாக உங்களை மெல்ல மெல்ல ஏற்றி, வேண்டுமென்றே பேஸை வெட்டி வைத்திருந்து, எல்லோரும் எதிர்பார்த்து வாய் பிளந்து நிற்கும் நேரத்தில்தான் அந்த டிராக்கை இறக்குகிறார். அந்த நாற்பது நிமிடம் ஆல்பத்தில் இல்லை. உங்கள் பக்கத்தில் நின்ற முந்நூறு பேரும் இல்லை. பாதி டிராக்கைத்தான் அவர் ஸ்டுடியோவில் செய்தார்; மீதியைச் செய்தது அந்தக் கூட்டமும் நேரமும்.

இதுவரை சொன்னது அந்த இரண்டு டிராக்குகளுக்கு. ஆல்பம் முழுவதும் ஏமாற்றியதே, அதற்கு வருகிறேன். நடன இசைக்கும் ஆல்பத்துக்கும் ஆதியிலிருந்தே சரிப்பட்டு வந்ததில்லை. 1970-களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மௌல்டன் போன்றவர்கள் 12 அங்குல சிங்கிள் என்ற வடிவத்தைப் பிடித்தார்கள். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் இருபது நிமிட இசையை நெருக்கி அடைப்பார்கள்; அதே அளவுத் தட்டில் ஒரே ஒரு பாட்டு என்றால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸை ஆழமாகவும் சத்தமாகவும் வைக்கலாம். டிஜேக்கு வேண்டியது அதுதான். சிகாகோவில் ஹவுஸ், டெட்ராய்ட்டில் டெக்னோ எல்லாம் வளர்ந்தது இந்தச் சிங்கிள்களில். ஆல்பம் பின்னால் வந்த விருந்தாளி. சி.டி. வந்ததும் 74 நிமிடம் இடம் கிடைத்தது; பல நடன இசை ஆல்பங்கள் நான்கு நல்ல டிராக்கும் எட்டு நிரப்பு டிராக்கும் என்ற கணக்கில் வந்தன. ஒரு டிராக்கில் மூன்று நிமிடம் கூட்டத்தைக் கட்டிப்போடும் திறமை வேறு, ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து கேட்பவரைக் கூட்டிக்கொண்டு போகும் திறமை வேறு. இரண்டும் உள்ளவர்கள் குறைவு. உங்கள் கலைஞர் இரண்டாவது திறமைக்கு முயன்று தோற்றிருக்கலாம். அது துரோகம் இல்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டாஃப்ட் பங்க். 1997-இல் ஹோம்வொர்க், 2001-இல் டிஸ்கவரி என்று இரண்டு ஆல்பங்களில் உலகத்தையே ஆடவைத்த பிரெஞ்சு இரட்டையர். 2005-இல் ஹியூமன் ஆஃப்டர் ஆல் என்று மூன்றாவது வந்தது. டிஸ்கவரிக்கு வருடக்கணக்கில் உழைத்தவர்கள் இதைச் சில வாரங்களிலேயே முடித்திருந்தார்கள். ஒரே வரி, ஒரே கிட்டார் துணுக்கு, திரும்பத் திரும்ப. ரசிகர்கள் நொந்துபோனார்கள். விமர்சனங்களும் கைகொடுக்கவில்லை. இன்றைக்கு அதை வீட்டில் உட்கார்ந்து கேட்டாலும் எனக்கு முழுதாகக் கேட்க முடிவதில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் 2006-இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஒரு பிரமிடு மேடைக்குள் நின்றுகொண்டு, அந்த வறட்டு டிராக்குகளைப் பழைய டிராக்குகளோடு பின்னி வாசித்தார்கள். புதியதன் வறட்சி பழையதன் இனிமைக்கு எலும்பாகிவிட்டது. 2007-இல் பாரிஸ் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து அலைவ் 2007 என்று வெளியிட்டார்கள். 2009-இல் சிறந்த மின்னணு நடன ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான் போனது. அப்படியானால் 2005-இல் ஏமாந்த ரசிகர்கள் தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கையில் கிடைத்த ஆல்பம் சுமார்தான். ஆனால் "இவர்கள் தீர்ந்துவிட்டார்கள்" என்று ஆல்பத்தைத் தாண்டிச் சொன்னவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேறு வகை ஏமாற்றமும் உண்டு. ஆல்பம் நன்றாகவே இருக்கும், எதிர்பார்த்த சாமான் மட்டும் இருக்காது. 2013 மார்ச்சில் மயாமியின் அல்ட்ரா விழாவில் ஸ்வீடன் டிஜே அவிச்சி, கிட்டார், பாஞ்சோ வாசிக்கும் கலைஞர்களை மேடையேற்றிக் கிராமிய அமெரிக்கப் பாணியில் புதுப் பாட்டுகளைப் போட்டார். டிராப்புக்காகக் கையைத் தூக்கி நின்ற கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது, இணையத்தில் வசவு. அதே வருடம் அந்தப் பாட்டுகளில் ஒன்று, வேக் மீ அப், பல நாடுகளில் முதலிடம் போனது. பாட்டு மாறவில்லை, கேட்ட கூட்டம்தான் மாறியது. உங்கள் கேள்வியில் "பாடகர்களை வைத்துச் செய்த மெதுவான பாட்டுகள்" என்று ஒரு வரி வருகிறது. அவை மெதுவாக இருப்பது குற்றமா, மோசமாக இருப்பது குற்றமா என்று நீங்களே பிரித்துப் பார்க்கவேண்டும். அதை நான் உங்களுக்காகச் செய்ய முடியாது.

நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. மும்பை சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்டின் டி.ஆர்.-808 டிரம் மெஷின், டி.பி.-303 பேஸ் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ஆல்பம் செய்தார். யாரும் சீந்தவில்லை. சிகாகோவில் அதே 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற வகையைக் கிளப்பிய முதல் தட்டு வந்தது 1987-இல். 2010-இல் சரண்ஜித் சிங்கின் ஆல்பம் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. அதன்பிறகு வயதான காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015-இல் காலமானார். ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு "இன்றைக்குத் தோற்றது நாளைக்கு ஜெயிக்கும்" என்று சொல்லமாட்டேன். இவர் ஒருவர் தோண்டியெடுக்கப்பட்டார். மறக்கப்பட்ட டிஸ்கோ தட்டுகளில் பெரும்பாலானவை மறக்கப்படத் தகுந்தவைதான்.

அடுத்து, "பத்து தடவை கேளு" என்ற ஆலோசனை. இங்கிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைகிறது. ரகுமான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்று நாமெல்லாம் சொல்லி வளர்ந்தவர்கள். அதில் உண்மை இருக்கிறது. அடுக்கடுக்காக ஒலி வைத்த பாட்டில் முதல் தடவை மெட்டுதான் காதில் விழும், ஐந்தாவது தடவை பின்னால் ஓடும் வேறொரு வரி பிடிபடும். ஆனால் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது: அர்த்தமில்லாத சொற்களைக்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் ஆட்களுக்கு அவை பிடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. ஆகவே பத்தாவது தடவை பிடித்துப்போனால், ஆல்பம் நல்லது என்றும் இருக்கலாம், பழகிவிட்டது என்றும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் என்னிடம் இல்லை. நான் கையாளும் வழி இது: ஒரே மூச்சில் பத்து தடவை போடுவதில்லை. ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவேன். அந்த வாரத்தில் வண்டி ஓட்டும்போதோ குளிக்கும்போதோ அதிலிருந்து ஏதாவது ஒரு துண்டு தானாக வந்து நின்றால் மறுபடி போடுவேன். வரவில்லையென்றால் அதோடு சரி. கடன் தீர்ப்பதுபோல் யாரும் பாட்டுக் கேட்க வேண்டியதில்லை, நான்கு வருடம் காத்திருந்திருந்தாலும்.

விலைபோய்விட்டாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, யார் மனசுக்குள் என்ன இருந்தது என்று பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. தொழிலின் அமைப்பைப் பற்றிச் சொல்லலாம். இந்த வகைக் கலைஞர்களுக்குப் பணம் பெரும்பாலும் மேடையில் வருகிறது, ஆல்பத்தில் அல்ல. ஆல்பம் அடுத்த சுற்றுப்பயணத்துக்கான விளம்பரப் பலகை. ஆளுக்கொரு பாடகர் வருவதும் அதனால்தான். ஒவ்வொரு பாடகரோடும் அவர் ரசிகர் கூட்டமும் வந்து சேரும். அதற்காக எல்லாப் பாடகர் பாட்டும் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் என் காதுக்கு ஆல்பம் சோம்பேறித்தனமாகச் செய்யப்பட்டது என்று தோன்றவைக்கும் சில சங்கதிகள் உண்டு. எல்லாப் பாட்டிலும் கிக் ஒரே சத்தத்தில், ஒரே மாதிரிப் பையிலிருந்து எடுத்ததுபோல் இருப்பது. டிராப் எல்லாப் பாட்டிலும் ஏறக்குறைய அதே விநாடியில் வந்து விழுவது. பாடகரை எடுத்துவிட்டால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாமல் போவது. இவற்றைவிட முக்கியமானது, ஆரம்பம் முதல் கடைசிவரை சத்தம் ஏறாமல் இறங்காமல் தரையாக ஓடுவது. அமைதி இல்லாமல் டிராப்புக்கு அர்த்தம் இல்லை. வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலித் திருத்தமான மாஸ்டரிங்கில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு நசுக்கிவைத்தால், ஸ்ட்ரீமிங் நிறுவனம் தன் பங்குக்கு அந்தச் சத்தத்தை மற்றப் பாட்டுகளோடு சமமாகக் குறைத்துவிடும், கடைசியில் நசுங்கல் மட்டும் மிஞ்சும். இந்தக் கடைசிக் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய ஆல்பத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு டிராக்கையும் புதியதில் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, பில்டப்புக்கு முன்னால் வரும் அந்த அமைதி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

வயது பற்றி: 26 ஒரு வயதே இல்லை. பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டது ஆழமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவருடைய பழைய ஆல்பத்துக்கு உங்களிடம் கொஞ்சம் சலுகை இருக்கும், அவ்வளவுதான். காதில் கோளாறு இருக்கும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்து மறுநாள் காலையில் காதில் ரீங்காரம் இருந்ததா? இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வேலையிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நான் இத்தனை வருடம் மிக்சரில் உட்கார்ந்தும் காது தப்பித்திருப்பது ஃபில்டர் வைத்த காதடைப்பானால்தான். பஞ்சு வேண்டாம், அது மேல்வரிசை ஒலியை மட்டும் தின்றுவிட்டு பாட்டை மந்தமாக்கிவிடும்.

என் கணிப்பு இது. அந்த இரண்டு டிராக்குகளைப் பொறுத்தவரை உங்கள் ஏமாற்றத்தை நம்பவேண்டாம். இடமும் வெட்டிய வடிவமும் செய்த வேலை அது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். மற்றப் பாட்டுகளைப் பொறுத்தவரை நம்பலாம். உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதற்கு நண்பர்களிடம் நியாயம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிசம்பர் நிகழ்ச்சிக்குப் போங்கள். ஆல்பம் சுமாராக இருந்தால் மேடை சுமாராக இருக்கும் என்று ஒன்றும் இல்லை, டாஃப்ட் பங்க் விஷயத்தில் பார்த்தோம். மழைக்காலம் முழுதாக முடிந்திருக்காது, கடலோர நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தாவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் பணம் திரும்ப வருமா என்று டிக்கெட்டின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உள்ளே போனதும் மேடைக்கு முன்னால் முண்டியடிக்காமல், இரண்டு பக்க சப்களுக்கும் சரியாக நடுவில், மிக்சர் மேசைக்கு முன்னால் நில்லுங்கள். இரண்டு பக்கத்து பேஸும் ஒன்றுசேரும் கோடு அது. பக்கவாட்டில் நகர்ந்தால் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சிஸ்டத்தைச் சரிபார்ப்பவனும் அங்கே நின்றுதான் சரிபார்க்கிறான். இன்னொன்று, திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருட ஒலி மாசு விதி. பண்டிகை நாட்களுக்கு அரசு தனியாக அனுமதி கொடுத்தால்தான் நள்ளிரவு வரை. அதனால் பெரிய கலைஞரை எட்டு, எட்டரைக்கே ஏற்றிவிடுவார்கள். பார்ட்டிதானே என்று சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போனால், எங்கள் பையன்கள் கேபிள் சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கலாம்.